பழைய மாடல் விமானம் தரையில் துள்ளுவது ஏன், எதை மாற்றலாம்

நீங்கள் சொன்ன விவரம் இவ்வளவு: 1970களில் வரைபடம் பார்த்துக் கட்டிய ரேடியோ கன்ட்ரோல் ஏரோபாட்டிக் விமானம். தாழ்ந்த இறக்கை, மேலும் கீழும் ஒரே வளைவுள்ள சமச்சீர் வடிவம், 10 சி.சி. க்ளோ எஞ்சின் (சூடான இழை உள்ள பிளக்கால் எரியும் சிறு எஞ்சின்), மூக்குச் சக்கரத்தோடு மூன்று சக்கரம். இறக்கை நீளம் 152 செ.மீ., பரப்பு சுமார் 45 சதுர டெசிமீட்டர், எடை 3.4 கிலோ. வானத்தில் குறையே இல்லை. இறங்கும்போது மட்டும் வேகமாக வருகிறது, பாதி ரன்வே வரை மிதக்கிறது, சக்கரம் பட்டதும் இரண்டு மூன்று தடவை துள்ளுகிறது. ஸ்பிரிங் வைத்த லேண்டிங் கியர் போடலாமா, இறக்கையை வெட்டி ஃப்ளாப் (மெதுவாக இறங்க, பின் விளிம்பில் கீழே மடியும் பலகை) வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்பிரிங் வேண்டாம். ஃப்ளாப் வைக்கலாம், ஆனால் அது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு ஃப்ளாப் தேவையா என்ற கேள்வியே பலருக்கு எழுவதில்லை.

துள்ளலைப் பார்த்ததும் எல்லோருக்கும் லேண்டிங் கியர் மேல்தான் சந்தேகம் வரும். உண்மையில் அது இறக்கையின் வேலை. சக்கரம் தரையைத் தொடும் நொடியில் இறக்கையில் இன்னும் தூக்குவிசை மிச்சம் இருக்கிறது. மூக்கு கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், விமானம் மறுபடி பறக்கக் கிளம்பிவிடும். கம்பி கொடுக்கும் உதை சின்னதுதான், மீதி உயரம் முழுக்கக் காற்று கொடுப்பது. அதனால் நாம் செய்யப்போகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே நோக்கம்தான்: சக்கரம் தொடும்போது விமானம் பறப்பதை நிறுத்தியிருக்க வேண்டும்.

வேலையின் வரிசையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பப் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றங்கள் முதலில், பிளேடு தொடும் மாற்றங்கள் பிறகு. பழைய விமானம் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். அதன் பால்சா மரத்தை இன்னொரு தடவை பழையபடி வெட்ட முடியாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 3.4 கிலோவை 45ஆல் வகுத்தால் ஒரு சதுர டெசிமீட்டருக்குச் சுமார் 75 கிராம் சுமை. சமச்சீர் இறக்கைக்கு அதிகபட்சத் தூக்குக் கெழு (இறக்கை எவ்வளவு தூக்கும் என்பதைக் காட்டும் எண்) 1.1 என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 10.5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 38 கி.மீ.யில் உங்கள் விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும். அதன் 1.3 மடங்கில் இறங்கி வருவது வழக்கம், அது மணிக்கு 49 கி.மீ. இது ஒன்றும் பயங்கரமான வேகம் இல்லை. இந்த அளவுள்ள ஏரோபாட்டிக் விமானத்துக்கு இயல்பானதே. அப்படியானால் பாதி ரன்வே வரை ஏன் மிதக்கிறது?

எஞ்சினின் ஐடிலை, அதாவது த்ராட்டிலை முழுக்கக் குறைத்தபின் அது ஓடும் வேகத்தைப் பாருங்கள். பழைய விமானங்களின் லேண்டிங் குறையில் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கும். நடுவானில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஐடிலை 3,500 ஆர்.பி.எம்.மில் வைத்துப் பறப்பவர்கள் ஏராளம். நீங்கள் போட்டிருப்பது 11க்கு 7 புரொப்பெல்லர் (11 அங்குல விட்டம், 7 அங்குலப் பிட்ச்) என்றால், ஒரு சுற்றுக்கு 7 அங்குலம், அதாவது 17.8 செ.மீ. முன்னேற முயலும். 3,500 சுற்றுக்கு அது விநாடிக்கு 10.4 மீட்டர். மேலே வந்த ஸ்டால் வேகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: 10.5. புரொப்பெல்லர் கத்தியின் வளைவால் உண்மையில் இழுவை இன்னும் சற்று அதிக வேகம் வரை நீடிக்கும். அதாவது நீங்கள் த்ராட்டில் குச்சியை முழுக்கக் கீழே இழுத்துவிட்டு விமானம் இறங்கட்டும் என்று காத்திருக்கிறீர்கள். எஞ்சினோ அதை விழாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதே எஞ்சின் 2,200இல் நின்று ஓடினால் கணக்கு விநாடிக்கு 6.5 மீட்டராகக் குறையும். அப்போது புரொப்பெல்லர் தள்ளுவதை விட்டுவிட்டு பிரேக்காக மாறிவிடும். 12க்கு 6 புரொப்பெல்லர் மாட்டினால் அதே சுற்றுக்கு 5.6 மீட்டர்தான். வட்டம் பெரிது, பிட்ச் குறைவு, பிரேக் அதிகம். கூடவே பெரிய புரொப்பெல்லர் ஃப்ளைவீல் மாதிரி சுழற்சியைக் காப்பாற்றுவதால் எஞ்சின் மெதுவாக ஓடவும் உதவும். தரைக்கும் நுனிக்கும் இடைவெளி போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அரை அங்குலம் அந்தப் பக்கம் குறைகிறது, மூக்குச் சக்கரத்தைப் பற்றிப் பிறகு சொல்லப்போவதும் இடைவெளியைக் குறைக்கும்.

மிச்சம் இருக்கும் இழுவை எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஓர் எண்: எஞ்சின் எதுவும் தராதபோது உங்கள் விமானம் ஒன்றுக்கு எட்டு என்று சறுக்கும் எனக் கொண்டால், 10 மீட்டர் உயரத்திலிருந்து 80 மீட்டர் தூரம் போகும். ஐடிலில் வெறும் 1.5 நியூட்டன், அதாவது 150 கிராம் அளவு இழுவை மிச்சம் இருந்தால் அதே உயரத்திலிருந்து 120 மீட்டரைத் தாண்டிவிடும். உங்கள் பாதி ரன்வே எங்கே போயிற்று என்று தெரிகிறதா?

ஐடிலைக் குறைக்கும் விதம். எஞ்சினைச் சூடாக்கி, முழு த்ராட்டிலில் மெயின் நீடிலைச் (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசித் திருகை) சரிசெய்துவிட்டுத்தான் கீழே வர வேண்டும். ஐடிலில் ஓடவிட்டு எரிபொருள் குழாயை விரலால் நசுக்கிப் பிடியுங்கள். உடனே அணைந்தால் கலவை மெலிந்திருக்கிறது (எரிபொருள் குறைவு). சுற்று ஏறி, சில விநாடி ஓடி அணைந்தால் கலவை கொழுத்திருக்கிறது (எரிபொருள் அதிகம்). சுற்று லேசாக ஏறி, இரண்டு மூன்று விநாடியில் அணைவதுதான் வேண்டியது. இங்கே பழைய கார்புரேட்டர்களில் ஒரு பொறி உண்டு. முகப்பில் சின்ன ஓட்டையும் அதை மறைக்கும் ஒரு திருகும் இருந்தால் அது ஏர் பிளீட் வகை. அந்தத் திருகை உள்ளே முடுக்கினால் காற்று குறைந்து கலவை கொழுக்கும். இரண்டு நீடில் உள்ள இன்றைய கார்புரேட்டரில் முடுக்கினால் மெலியும். நேர் எதிர். புதிய எஞ்சினில் பழகிய கை பழைய எஞ்சினை இப்படித்தான் கெடுக்கிறது.

எவ்வளவு திருகினாலும் ஐடில் நிலைக்கவில்லை என்றால் கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். பல வருடம் கழித்து அது பிளாஸ்டிக் மாதிரி இறுகி, ஓரமாகக் காற்றை விட்டுக்கொண்டிருக்கும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் வளையம். ஐடில் பார் உள்ள பிளக், சைலன்சரிலிருந்து டேங்குக்கு அழுத்தக் குழாய், டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டரின் மட்டத்துக்கு மிகவும் கீழேயோ மேலேயோ இல்லாமல் இருப்பது, இவையும் உதவும். அரை நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டுச் சட்டென்று முழு த்ராட்டில் கொடுங்கள், திணறாமல் எழ வேண்டும். விமானத்தின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்தும் கீழே கவிழ்த்தும் இதையே செய்து பார்க்க வேண்டும், விமானத்தை இன்னொருவர் கெட்டியாகப் பிடித்திருக்க. அந்த நம்பிக்கை வந்துவிட்டால் உங்கள் கை தானாகவே த்ராட்டிலை முழுக்கக் கீழே கொண்டுபோகும்.

மின்சார மோட்டாருக்கு மாற்றியிருப்பவர்களுக்கு ஒரு வரி: ஸ்பீட் கன்ட்ரோலரில் பிரேக்கை அணைத்து வையுங்கள். சும்மா சுழலும் புரொப்பெல்லர் நின்றுபோன புரொப்பெல்லரைவிட அதிகமாக இழுத்துப் பிடிக்கும்.

அடுத்தது ஈர்ப்பு மையம். வரைபடத்தில் இருக்கும் குறி டேங்க் காலியாக இருக்கும் நிலைக்கு என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை, டேங்க் நிறைத்து விரல்நுனியில் தூக்கிப் பார்த்துச் சரி என்று வைத்துவிடுவார்கள். 350 மி.லி. எரிபொருள் சுமார் 300 கிராம். டேங்க் ஈர்ப்பு மையத்துக்கு 20 செ.மீ. முன்னால் இருக்கிறது என்றால், அது காலியாகும்போது மையம் 16 மி.மீ. பின்னுக்கு நகரும். உங்கள் இறக்கையின் சராசரி அகலம் 30 செ.மீ., அதில் இது ஐந்து சதவீதத்துக்கு மேல். மேலே போகும்போது சமர்த்தாக இருந்த விமானம், இறங்கும்போது எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை) லேசாகத் தொட்டாலே குதிப்பது இதனால்தான். காலி டேங்கோடு, முன் விளிம்பிலிருந்து அகலத்தில் 28 முதல் 30 சதவீதத்தில் நிறுத்திப் பாருங்கள்.

அதற்காக மூக்கில் ஈயத்தைக் கொட்டிவிடவும் கூடாது. மூக்கு ரொம்ப கனத்தால் வேறு பிரச்சினை: தரைக்கு மேலே ஃப்ளேர் செய்யும்போது, அதாவது இறங்க மூக்கை நிமிர்த்தும்போது, எலிவேட்டர் முழுக்கக் கொடுத்தும் மூக்கு நிமிராது, மூக்குச் சக்கரம் முதலில் மோதும். மூக்குச் சக்கரம் முதலில் பட்ட விமானம் துள்ளியே தீரும். அப்படித் துள்ளியதும் பயந்து எலிவேட்டரைக் கீழே அமுக்குவோம், அடுத்த துள்ளல் இன்னும் உயரமாக வரும்.

எடையைக் குறைக்க வேண்டிய இடம் வால். வால் ஈர்ப்பு மையத்துக்கு 80 செ.மீ. பின்னால், மூக்கின் ஈயம் 25 செ.மீ. முன்னால் என்றால், வாலில் ஒரு கிராமுக்கு மூக்கில் மூன்றேகால் கிராம் ஈயம் தேவைப்படுகிறது. பழுது பார்த்துப் பார்த்து வாலில் ஏறிய புட்டி, பெயின்ட், எபாக்ஸியில் 50 கிராமைத் தேய்த்து எடுத்தால் மூக்கில் 160 கிராம் ஈயம் மிச்சம். மொத்தம் 210 கிராம். பழைய சர்வோக்களையும் (வால், இறக்கைப் பலகைகளை ஆட்டும் சிறு மோட்டார்கள்) நிக்கல் காட்மியம் பேட்டரியையும் இன்றைய சாமானாக மாற்றினால் இன்னும் குறையும். எல்லாமாக 400 கிராம் குறைந்து 3 கிலோவுக்கு வந்தால் ஸ்டால் வேகம் 38இலிருந்து 35.5 கி.மீ. ஆகும். எண்ணாகப் பார்த்தால் அற்பம். ஆனால் தரையில் மோதும்போது விமானத்திடம் இருக்கும் இயக்க ஆற்றல் இருபது சதவீதத்துக்கு மேல் குறைகிறது. கியர் வளைவதும் வளையாமல் இருப்பதும் அந்த இருபதில்தான். இருந்தாலும் அந்தக் காலத்துச் சில்க் உறையும் டோப் பூச்சும் நல்ல நிலையில் இருந்தால் அதை மட்டும் உரித்துவிடாதீர்கள். அதற்கு ஈடாக எந்த எடைக் குறைப்பும் வராது.

இப்போது துள்ளலின் நேரடிக் காரணத்துக்கு வரலாம். விமானத்தைச் சமதளத்தில் நிறுத்தி, இறக்கையின் கோணத்தை அளந்து பாருங்கள். கோணமானி இல்லாவிட்டால் இறக்கையின் முன் விளிம்பு மையமும் பின் விளிம்பும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஸ்கேலால் அளந்தாலே போதும். 30 செ.மீ. அகலத்தில் முன் விளிம்பு 16 மி.மீ. உயர்ந்திருந்தால் மூன்று டிகிரி. மூன்று சக்கரமும் தரையில் இருக்கும்போதே மூன்று டிகிரி நிமிர்ந்திருக்கும் இறக்கை, 49 கி.மீ. வேகத்தில் விமானத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமந்துகொண்டிருக்கும். தரையில் உருண்டு ஓடும் விமானம் அல்ல அது, பறக்கக் காத்திருக்கும் விமானம். சின்ன மேடு போதும்.

பழைய விமானங்களில் இந்தக் கோணம் அதிகமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. புல்தரையில் புரொப்பெல்லர் உரசக்கூடாது என்று மூக்குக் காலை நீளமாக வைப்பார்கள். இன்னொன்று வயது: ஒவ்வொரு முரட்டு இறக்கத்திலும் பின்கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக அகன்று தாழ்ந்துபோகும், மூக்கு மட்டும் அதே உயரத்தில் நிற்கும். கட்டியவர் சரியாகத்தான் கட்டியிருப்பார், காலம் கோணத்தை மாற்றியிருக்கும்.

வேண்டியது பூஜ்யம், அல்லது அரை டிகிரி மூக்குத் தாழ்வு. முன் பின் சக்கர இடைவெளி 35 செ.மீ. என்றால் மூன்று டிகிரிக்கு மூக்கு 18 மி.மீ. தாழ வேண்டும். மூக்குக் கால் கம்பி, ஸ்டியரிங் ஆர்முக்குள் ஒரு குட்டித் திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். கம்பியில் அந்தத் திருகு உட்கார ஒரு தட்டையான அரம் போட்ட இடம் தெரியும். திருகைத் தளர்த்திக் கம்பியை மேலே தள்ளி, புதிய இடத்தில் அரத்தால் ஒரு தட்டை போட்டு முடுக்குங்கள். தட்டை இல்லாமல் வெறும் வட்டக் கம்பியில் முடுக்கினால் முதல் இறக்கத்திலேயே சக்கரம் திரும்பிக்கொள்ளும். கம்பியின் சுருள் பேரிங்கில் இடிக்கும்வரைதான் தள்ள முடியும். மீதியைச் சக்கரத்தில் சரிக்கட்டலாம்: மூக்கில் 70 மி.மீ. சக்கரத்துக்குப் பதில் 57 போட்டால் ஆறரை மி.மீ. தாழும், பின்னால் ஓர் அளவு பெரிய சக்கரம் போட்டால் அங்கேயும் அதே அளவு உயரும். எதுவும் வெட்டவில்லை, எல்லாம் திரும்பக் கழற்றக்கூடியது. புரொப்பெல்லர் இடைவெளியை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஈர்ப்பு மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு, மையத்திலிருந்து சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு ஒரு கோடு, இரண்டுக்கும் இடையே 10 முதல் 15 டிகிரி. மையம் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருந்தால் சக்கரம் 35 முதல் 54 மி.மீ. பின்னால். இதைவிட ரொம்பப் பின்னால் இருந்தால் பின்சக்கரம் பட்டதும் மூக்கு தடாலென்று விழும், மூக்குக் காலின் சுருள் அதை உதைத்து எழுப்பும். ஈர்ப்பு மையத்தை நகர்த்தினால் இந்தக் கணக்கும் நகர்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கம்பியைப் பற்றி. 4 மி.மீ. பியானோ வயரை இறக்கையின் அடியில் மரக்கட்டையின் பள்ளத்தில் படுக்கவைத்து, நுனியை மேல்நோக்கி வளைத்துச் செருகி, நைலான் பட்டையால் திருகிப் பிடிக்கும் பழைய முறை நல்ல முறை. படுத்திருக்கும் பகுதி முறுக்கிக்கொண்டு அதிர்ச்சியை வாங்குகிறது. ஆனால் கம்பி ஆற்றலை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்குமே தவிர, விழுங்காது. அதனால்தான் இன்னும் நெகிழ்வான ஸ்பிரிங் வேண்டாம் என்றேன், துள்ளல் கூடத்தான் செய்யும். மெத்தென்ற ரப்பர் நுரைச் சக்கரம் போட்டால் கொஞ்சம் ஆற்றல் அதில் செத்துப்போகும். கட்டையையும் தட்டிப் பாருங்கள். எண்ணெய் ஊறி ஒட்டு விட்டிருந்தால் மந்தமான சத்தம் வரும், விரலால் அமுக்கினால் உறையில் ஒரு மெல்லிய மடிப்பு எழும். அப்படி இருந்தால் உறையை அந்த இடத்தில் மட்டும் திறந்து, ஆல்கஹாலால் துடைத்து, டால்கம் பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்ச விட்டுவிட்டு எபாக்ஸி ஊற்றுங்கள். எண்ணெய் மேல் எபாக்ஸி பிடிக்காது.

வால் சக்கர விமானம் வைத்திருப்பவர்களுக்குக் கதை தலைகீழ். அங்கே முன்சக்கரம் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருப்பதால், தரையைத் தொட்டதும் வால் விழும், இறக்கை நிமிரும், விமானம் எழும். அது அந்த அமைப்பின் பிறவிக்குணம். சக்கரம் மையத்துக்கு 15 முதல் 20 டிகிரி முன்னால் இருந்தால் போதும். தலைகுப்புற விழும் என்று பயந்து அதற்கு மேல் முன்னுக்கு வளைத்தால் துள்ளலும் தரையில் சுழன்றுபோவதும் கூடும். சக்கரங்கள் முன்பக்கம் ஒன்றிரண்டு டிகிரி உள்நோக்கி இருக்கட்டும்.

சரி, இறக்கை. உங்கள் விமானம் பிறந்த வகையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரேடியோ கன்ட்ரோல் ஏரோபாட்டிக்ஸுக்கான முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1960இல் சுவிட்சர்லாந்தில் நடந்தது, எட் காஸ்மிர்ஸ்கி தன் ஓரையன் விமானத்தோடு வென்றார். 1967இல் கோர்சிகாவில் ஃபில் கிராஃப்ட் தன் க்விக் ஃப்ளை விமானத்தோடு வென்றார். தாழ்ந்த இறக்கை, சமச்சீர் வடிவம், பத்து சி.சி. எஞ்சின் என்ற அச்சு அந்த வருடங்களில் உருவானது. தலைகீழாகவும் நேராகவும் ஒரே மாதிரி பறக்க வேண்டும், காற்றைக் கிழித்துக்கொண்டு நேர்கோடு போட வேண்டும் என்பதற்காகச் செய்த இறக்கை. அதிலிருந்து மெதுவான இறக்கத்தை எதிர்பார்ப்பது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. சாதாரண டிரான்ஸ்மிட்டரிலேயே இன்று எத்தனையோ மிக்ஸிங் (ஒரு குச்சியால் பல சர்வோக்களைச் சேர்த்து ஆட்டுவது) செய்யலாம். பழைய விமானத்துக்குச் செய்யும் சிறந்த மாற்றங்களில் பாதி விமானத்தைத் தொடாமலே செய்யக்கூடியவை.

நுனி குறுகிய இறக்கை என்றால் மெதுவாக வரும்போது ஒரு பக்க நுனி முதலில் ஸ்டால் ஆகி விமானம் புரண்டு விழும். அந்தப் பயத்தில்தான் எல்லோரும் வேகமாக இறக்குகிறார்கள். வழக்கமான மருந்து நுனியை இரண்டு டிகிரி கீழ்நோக்கி முறுக்குவது. விலா எலும்பு கட்டி சில்க் போர்த்திய இறக்கையை நீராவி காட்டி, 20 செ.மீ. அகல நுனியின் பின் விளிம்பில் 7 மி.மீ. கட்டை வைத்து ஆறவிட்டால் அந்த முறுக்கு நிற்கும். 70களில் பரவலான நுரை உள்ளீட்டு இறக்கையில் இது நடக்காது. அதற்கு எளிய வழி: இரண்டு எயிலரானையும் (விமானத்தை உருட்டும் இறக்கைப் பலகை) நடுநிலையிலேயே இரண்டு மி.மீ. மேலே வையுங்கள். கம்பி நுனியில் உள்ள கிளெவிஸ் கொக்கியை ஒன்றிரண்டு சுற்றுத் திருகினால் முடிந்தது வேலை. தலைகீழாகப் பறக்கும்போது கொஞ்சம் விலை கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு மலிவான வித்தை, இறக்கையின் உடலோரப் பகுதியில் முன் விளிம்பில் 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு ஒரு முக்கோண பால்சாக் குச்சியை டேப்பால் ஒட்டுவது. ஆறு மி.மீ. போதும். அந்த இடம் முதலில் ஸ்டால் ஆகும், நுனி பிழைத்திருக்கும். மூக்கு நேராகக் கீழே தொங்கி உங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும். பிடிக்கவில்லை என்றால் பிய்த்து எறியலாம்.

எலிவேட்டரின் கீல் இடைவெளியை மறந்துவிடாதீர்கள். ஒரு மி.மீ. இடைவெளி வழியாகக் காற்று ஒழுகுவதால் மெதுவாக வரும்போதுதான் எலிவேட்டர் பலம் இழக்கிறது, அதாவது உங்களுக்கு அது தேவைப்படும் அந்த ஒரு நொடியில். அடிப்பக்கம் ஒளிபுகும் டேப்பை ஒட்டி மூடுங்கள். ரிசீவரை இயக்கிவிட்டு எலிவேட்டரை விரலால் மெதுவாக அழுத்தியும் பாருங்கள். மூன்று நான்கு மி.மீ. ஆடினால் புஷ்ராட் (சர்வோவிலிருந்து வரும் தள்ளுகம்பி) வளைகிறது, அல்லது அது மாட்டும் கொம்பின் ஓட்டை தேய்ந்திருக்கிறது. பழைய நைலான் கீல்கள் இறுகி உடையும் வயதில் இருக்கும், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பது கட்டாயம்.

இவ்வளவும் செய்த பிறகும் ரன்வே போதவில்லை என்றால் ஃப்ளாப். முதலில் வெட்டாத வழி. உங்கள் விமானத்தில் பின் விளிம்பு முழுக்க ஓடும் பட்டை எயிலரான்கள், நடுவில் ஒரே சர்வோ, இரண்டு முறுக்குக் கம்பிகள். அந்த ஒற்றைப் பழைய சர்வோவின் பள்ளத்தில் இன்றைய சின்ன சர்வோ இரண்டை அருகருகே உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்துக்குக் கொடுத்துவிடலாம். பிறகு இரண்டையும் சேர்த்துக் கீழே இறக்குவதா மேலே தூக்குவதா என்பது டிரான்ஸ்மிட்டரின் விஷயம்.

கீழே இறக்க எல்லோருக்கும் ஆசை வரும். அகலம் மாறாத செவ்வக இறக்கைக்கு எட்டுப் பத்து டிகிரி வரை சரி. நுனி குறுகிய இறக்கைக்கு வேண்டாம் என்பேன். நுனியையும் சேர்த்துக் கீழே இறக்கினால் நுனி ஸ்டாலைத் தேடிப் போகிறீர்கள் என்று அர்த்தம், போதாக்குறைக்கு எயிலரான் கொடுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மூக்கு இழுக்கும். மேலே தூக்குவது பாதுகாப்பானது. மிதப்பு குறையும், இன்னும் சரிவாக இறங்கும், நுனி அடங்கியிருக்கும். ஸ்டால் வேகம் கொஞ்சம் கூடும் என்பதுதான் அதன் விலை. தட்டையான அடிப்பக்கம் உள்ள பழைய உயர்ந்த இறக்கைப் பயிற்சி விமானங்கள் தரைக்கு ஓர் அடி மேலே இறங்கவே மாட்டேன் என்று மிதந்துகொண்டே போகுமே, அவற்றுக்கு இதுவே சரியான மருந்து.

உண்மையான ஃப்ளாப் வேண்டும் என்றால் பழைய எயிலரான்களைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். புதிய பால்சாவில் அதே அளவுக்குப் பட்டை செய்து இரண்டாகப் பிரியுங்கள்: உடலோரப் பாதி ஃப்ளாப், வெளிப்பாதி எயிலரான். ஏற்கனவே இருக்கும் முறுக்குக் கம்பிகள் ஃப்ளாப்பை ஆட்டட்டும். எயிலரானுக்கு மட்டும் இறக்கையின் அடியில் பக்கத்துக்கு ஒரு சர்வோக் குழி வெட்ட வேண்டிவரும். இந்த முழுத் திட்டத்திலும் மரத்தில் பிளேடு படும் ஒரே இடம் அதுதான். எயிலரான் பாதியாவதால் உருளும் வேகம் குறையும், அசைவைக் கூட்டிக்கொள்ளுங்கள். கெழு 1.1இலிருந்து 1.4க்கு ஏறினால் பழைய எடையிலேயே ஸ்டால் வேகம் 38இலிருந்து 33.5 கி.மீ. ஆகும். இறங்க 30 டிகிரி, கிளம்ப 10 டிகிரி, இரண்டுக்கும் இடையே சர்வோ இரண்டு மூன்று விநாடி எடுத்து மெதுவாக நகரும்படி வையுங்கள்.

ஃப்ளாப்பை முதன்முதலில் நூறு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் திறந்து பாருங்கள். மூக்கு எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடித்து அதற்கு எதிராக எலிவேட்டர் மிக்ஸ் கொடுக்க வேண்டும், ஐந்து சதவீதத்தில் ஆரம்பிக்கலாம். அந்த உயரத்திலேயே ஐடிலுக்குக் கொண்டுவந்து ஸ்டால் ஆக்கியும் பாருங்கள், நேராக விழுகிறதா புரள்கிறதா என்று. அப்புறம் முதல் இறக்கத்தைப் பாதி ஃப்ளாப்போடு செய்யுங்கள். இதுவரை மிதந்து பழகிய கைக்கு ஒரு விஷயம் புதிதாக இருக்கும்: ஃப்ளாப் முழுக்க இறங்கியபின் த்ராட்டிலை எடுத்தால் விமானம் உடனே வேகம் இழக்கும். அதனால் கடைசித் திருப்பத்தில் ஐடிலுக்கு மேலே நாலைந்து கிளிக் வைத்திருந்து, ரன்வே விளிம்பைத் தாண்டி, சக்கரம் தரைக்கு ஓரடி இருக்கும்போது எடுங்கள்.